கப்பலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நிற்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் அதை அலமாரி என்று நினைத்துக் கைப்பிடியைத் தேடுவார்கள். மேலே கிடக்கிற தார்ப்பாயை விலக்கினால்தான் நடுவில் ஒரு கண்ணாடித் திரையும், அதற்குக் கீழே சிவப்புக் குமிழ் வைத்த குச்சியும், இரண்டு பொத்தான்களும், டோக்கன் போடுகிற துளையும் தெரியும். கடைகளில் நின்றுகொண்டே ஆடுவோமே, அந்தப் பழைய வீடியோ கேம் மிஷின். கோத்தகிரியில் எங்கள் தெருவில் இப்படி ஒரு சாமான் வேறு யார் வீட்டிலும் கிடையாது. இருக்கவேண்டிய அவசியமும் கிடையாது.

அது என் மனைவியுடையது. சீதனமாக வந்தது என்று நான் சொல்லித் திரிவேன், அவள் முறைப்பாள். உண்மையில் அது அவளுடைய அண்ணன் குன்னூரில் வைத்திருந்த கேம் கடையிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கடையின் கல்லாவில் அவள்தான் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது ஒரு டீ ஃபேக்டரியில், இலையைக் காயவைக்கிற டிரையர் பகுதியில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கி அந்தக் கடைக்குள் நுழைந்தவன், டோக்கன் மேல் டோக்கனாகப் போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தேன். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க" என்று என்னைத் தோளால் தள்ளிவிட்டு அவள் குச்சியைப் பிடித்தாள். நான் பார்த்தேயிராத இடங்களுக்கெல்லாம் அந்தக் குட்டி விமானத்தைக் கொண்டுபோனாள். அடுத்த ஞாயிறும் போனேன். ஆட்டம் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்று ஃபேக்டரியில் சொன்னேன். ஒரு பயலும் நம்பவில்லை.

ஆட்டம் இதுதான். கடலை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். கீழே நம் விமானம். எதிரே வருகிறதையெல்லாம் சுட்டுக்கொண்டே முன்னேற வேண்டும். முதலில் தீவுகள், அப்புறம் ஒரு நீளமான பாலம், கடைசியில் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கப்பல். அந்தக் கப்பலை அவள் கடந்ததே இல்லை. அவளென்ன, அந்தக் கடைக்கு வந்த யாருமே கடந்ததில்லை. எல்லோர் கையிலும் ஃபோன் வந்த பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றுபோய், அண்ணன் கடையை மூடியபோது இந்த ஒரு மிஷினை மட்டும் தங்கைக்குக் கொடுத்தார். வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினோம். கொஞ்ச காலம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் திரை இருண்டது. மகளுக்குப் பரீட்சை, எனக்கு ஃபேக்டரியில் ஷிப்ட், யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதன் தலையில் இஸ்திரிப் பெட்டியும் மடித்த துணிகளும் ஏறிக்கொண்டன.

ஆனால் அவள் ஒரு காரியம் செய்துகொண்டே இருந்தாள். இங்கே மழை மாதங்களில் துணி அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடுவோம். இல்லாவிட்டால் பட்டுச்சேலை, கோட்டு, செருப்பு எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்துவிடும். அவள் மிஷினின் பின்கதவைத் திறந்து அதற்குள்ளும் ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தாள். ஜூன் பிறந்தால் போடுவாள், பனிக்காலம் முடிந்தால் அணைப்பாள்.

"ஓடாத மிஷினுக்கு என்ன குளிரு?" என்று கேட்பேன்.

"உள்ள போர்டு இருக்குதுங்க. ஈரம் ஏறுனா அவ்வளவுதான்."

எனக்கு அது பிள்ளையாருக்கு விளக்குப் போடுகிற மாதிரிதான் தெரிந்தது.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி என்று தொடங்கியது. கோயமுத்தூருக்கும் கோத்தகிரிக்கும் பஸ்ஸில் அலைந்த அலைச்சலை நான் எழுதப்போவதில்லை. அலைந்தவர்களுக்குத் தெரியும், அலையாதவர்களுக்குத் தெரிய வேண்டாம். அது நுரையீரலுக்கு ஏறிய பிறகு, ஒரு நாள் டாக்டர் என்னையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், இருக்கிறவரை சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். "குளிர் மட்டும் படவே கூடாது. நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டார்கள்" என்றார். மழைக்காலம் தொடங்கப்போகிற நேரத்தில், கோத்தகிரிக்காரனைப் பார்த்துக் குளிர் படாமல் பார்த்துக்கொள் என்கிறார் இந்த மனிதர். வந்த கோபத்தில் அவர் மேஜையைத் தட்டியிருப்பேன். மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

மகள் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். தன் வீட்டிலேயே அம்மாவை வைத்துக்கொள்கிறேன், இங்கே குளிரில்லை என்று கெஞ்சினாள். இவள் காதிலேயே வாங்கவில்லை. "என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என்ன செய்வது? கூட்டிவந்தேன். கூடவே மகள் ஒரு பெரிய ஹீட்டரை வாங்கிக் கொண்டுவந்து முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் வைத்தாள். கரி அடுப்பின் புகை அவள் நெஞ்சுக்கு ஆகாது. ஆகவே எங்களுக்கு அந்த ஹீட்டரை விட்டால் வேறு வழி கிடையாது. "அப்பா, எதை அணைச்சாலும் இதை மட்டும் அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் பஸ் ஏறினாள்.

ஒரு காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவு வழியாக முன்னறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க. அந்த மிஷின ரிப்பேர் பண்ண முடியுமா?"

"எதுக்கு?"

"அந்தக் கப்பல ஒருக்கா தாண்டிப் பாத்தரலாம்னு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி புள்ள, பார்க்கிறேன் என்றேன். அவள் இத்தனை வருஷத்தில் என்னிடம் வாய்விட்டுக் கேட்டவை மிகக் குறைவு. சேலை கேட்டதில்லை, ஊட்டிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை. கேட்டது இதுதான் என்றால் இதைச் செய்யாமல் நான் என்ன மனுஷன்?

பின்கதவைத் திறந்தேன். எலி ஒயரைக் கடித்திருந்தது. ஃபியூஸ் போயிருந்தது. ஃபேக்டரிப் பழக்கத்தில் செம்புக் கம்பியை முறுக்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். மேலே விமானப் படம் போட்ட பலகைக்குப் பின்னால் இருக்கிற டியூப்லைட் மினுக்கி எரிந்தது. அவ்வளவுதான். திரையும் இருட்டு, சத்தமும் இல்லை. டிரையர் மோட்டாரையே கழற்றி மாட்டினவன், இந்தப் பெட்டி என்ன பெரிய பெட்டி என்று மீட்டரை எடுத்துப் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற சப்ளையை அளந்தேன். ஐந்து வோல்ட் வரவேண்டும். வந்தது. அப்படியானால் போர்டுதான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சுற்றினேன்.

மார்க்கெட் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற மெக்கானிக்கை அப்புறம்தான் கூப்பிட்டேன். ஓவேலிப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி மலையாளம். வந்ததும் என் செம்புக் கம்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாரே, வீட்டுக்குத் தீ வெக்கவோ இது?"

கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போட்டார். சப்ளையை அளந்தாயிற்று, அது நல்லாத்தான் இருக்கிறது என்று நான் முறைத்துக்கொண்டு சொன்னேன். போர்டோடு சேர்த்து மாட்டிவிட்டு அளந்தீர்களா, கழற்றிவைத்துவிட்டு அளந்தீர்களா என்று கேட்டார். கழற்றிவைத்துத்தான். அவர் மாட்டிவிட்டு அளந்தார். முள் சரசரவென்று நாலுக்கு இறங்கியது. "சும்மா இருக்கும்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கும் சாரே. லோடு வந்தாத்தான் தெரியும்" என்றார்.

அது என்னை எங்கேயோ தைத்தது. யாராவது பார்க்க வந்தால் அவள் எழுந்து உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டு, நல்லா இருக்கறனுங்க, நீங்க எப்படி இருக்கறீங்க என்று சிரிப்பாள். வந்தவர்களும் என்னிடம் வாசலில், பரவாயில்லையே, தேறிவிட்டாளே என்பார்கள். அவர்கள் தலை மறைந்ததும் உட்கார்ந்திருக்கவும் முடியாமல் என் தோளில் சாய்வாள். தேறிவிட்டாளே என்று சொன்ன ஒவ்வொருவர்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் நல்லவர்கள்தான். எனக்கு ஆத்திரம் வந்தது, அவ்வளவுதான்.

புது சப்ளைப் பெட்டி கோயமுத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. மாட்டியதும் சத்தம் வந்துவிட்டது. விமானம் கிளம்புகிற அந்தப் பழைய டொய்ங் டொய்ங் சத்தம் கேட்டதும் படுக்கையிலிருந்து, "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்தி, கத்தியதில் இருமி, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். போர்டு உயிரோடு இருந்தது. இத்தனை வருஷ ஈரத்தில் இது பிழைத்ததே அதிசயம் என்றார் மெக்கானிக். அந்தப் பல்பைக் காட்டினேன். "சேச்சிக்கு புத்தி உண்டு" என்றார். எனக்கு இல்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார்.

சத்தம் வந்தும் திரை இருட்டாகவே இருந்தது. பழைய டிவி மாதிரி கனமான பிக்சர் டியூப் அது. ஓடும்போது அதன் பின்கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் தெரியவேண்டும், தெரியவில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் டியூபுக்குள் ஆளைத் தூக்கியடிக்கிற கரண்ட் நிற்கும் என்று சொல்லி என்னைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு, அவர் அதை எர்த்துக்கு இறக்கினார். பிறகு டியூபுக்கு அடியில் இருந்த இன்னொரு போர்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈயம் வைத்த இடங்கள் வட்டம் வட்டமாக விரிசல் விட்டிருந்தன. இந்தத் தலைவலியை விட்டுவிட்டு, டியூபை எடுத்துவிட்டு ஒரு எல்.சி.டி. வைத்துவிடலாம், வேலை சுலபம் என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது வேண்டாமுங்க. பழசுலயே பாத்துக் குடுங்க. அதுலதான் எனக்குக் குண்டு வர்றது தெரியும்."

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக ஈயம் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் மிஷின் சடசடவென்று பொரிந்தது, திரைக்குப் பக்கத்தில் நீட்டியிருந்த என் கையில் முடி எல்லாம் எழுந்து நின்றது. படம் வந்தது. வந்து நிற்காமல் மேலே மேலே உருண்டது. அதை நிறுத்தினால் சிவப்பு நிறம் இல்லை. நெருப்பெல்லாம் பச்சையாக எரிந்தது. டியூபின் கழுத்தில் ஒரு ஒயர் அறுந்திருந்தது, அதை ஒட்டினார். அப்படி ஒவ்வொன்றாகச் சரிபண்ணிப் பார்ப்பதற்காக அவர் ஆடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆடிப் பார்த்தவர் ருசி கண்டுவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு மத்தியானம் வந்து நிற்பார். திரையைப் பார்க்காமலே, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அவள் படுக்கையிலிருந்து சொல்லிக்கொடுப்பாள். "இப்ப எடது பக்கம் ஒதுங்குங்க. சுடாதீங்க, அது போகட்டும். இப்பச் சுடுங்க." அவரைப் பாலம் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். அந்த மத்தியானங்கள் எனக்கு நன்றாக இருந்தன என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தன.

ஆனால் அப்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டோம். மெக்கானிக் வேலை செய்கிற நேரத்தில், பின்கதவு திறந்து கிடக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஹீட்டர் இருக்கவேண்டாம் என்று அதை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, படுக்கையறைக் கதவை ஒருக்களித்து, அறை சூடானதும் அணைத்துவிடுவோம். வேலை முடிந்தால் மறுபடி போடுவோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் கைகழுவிய அன்றைக்கு, அவளை முன்னறைக்குக் கொண்டுவருவதற்காக ஹீட்டரையும் முன்னறையில் வைத்துப் போட்டேன். ஓடிக்கொண்டிருந்த படம் நாலு பக்கமும் சுருங்கியது. ஆட்டம் அறுந்து முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி அறுந்தது.

எங்கள் வீடு சரிவில் கடைசி வீடு. கரண்ட் கம்பியும் எங்களோடு முடிகிறது. மழைக்காலத்தில் ஊரே ஹீட்டரும் கெய்சரும் போட்டுக்கொண்டால் எங்களுக்கு வருவது மிச்சம் மீதிதான். பழைய ஃபிரிஜ்ஜின் ஸ்டெபிலைசரை எடுத்து மிஷினுக்கு மாட்டிப் பார்த்தோம். ஹீட்டர் இல்லாதவரை ஒழுங்காக ஓடியது. ஹீட்டரைப் போட்டதும் அந்த ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு சத்தம் போட்டு மிஷினை மொத்தமாக அணைத்துவிட்டது. ஹீட்டர் எரிந்தால் மிஷின் ஓடாது. மிஷின் ஓடினால் ஹீட்டர் எரியக் கூடாது. மின்சார ஆபீசில் போய்க் கேட்டேன். உங்கள் பக்கத்துக்குப் புது டிரான்ஸ்பார்மர் வரப்போகிறது, வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். எப்போது என்றேன். வரும் என்றார்கள். அங்கே நான் போட்ட சத்தத்தில் வெளியே டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் போட்டு எந்த ஊரில் கரண்ட் வந்திருக்கிறது?

"ஹீட்டர அணைச்சுட்டு ஆடறேனுங்க. அரை மணி நேரம் தாங்க மாட்டனா?" என்றாள்.

முடியாது என்றேன். லைன் சரியாகட்டும் என்றேன். அவள் அன்றைக்குக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டாள். அடுத்த நாளும் வைத்துவிட்டாள். அவள் வீம்பு பிடிக்கிறவள் அல்ல. அவளுக்குக் காலம் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, மின்சார ஆபீசுக்குத்தான் தெரியவில்லை.

மழை விட்டு லேசாக வெளுத்த ஒரு மத்தியானம், சரி வா என்றேன். தோட்டத்து வேலைக்குப் போனவர்கள் திரும்பாத நேரம், கரண்ட் கொஞ்சம் நன்றாக இருக்கும். இரண்டு ஸ்வெட்டர், காதை மூடுகிற குல்லா, காலுக்கு என் கம்பளிச் சாக்ஸ், மடியிலும் முதுகிலும் வெந்நீர்ப் பை, மேலே பஞ்சு வைத்த ரஜாய். நின்று ஆடுகிற மிஷின் என்பதால், மரப் பலகைகளை அடுக்கி மேடை கட்டி அதன்மேல் நாற்காலியை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தேன். தூக்கி உட்காரவைத்தபோது அவள் கனமே இல்லாமல் இருந்தாள். ஹீட்டரை அணைத்தேன். மிஷினைப் போட்டேன்.

டோக்கன் எல்லாம் எங்கே போயிற்றோ. கீழே காசுப் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளேயிருக்கிற சின்னக் கம்பியை விரலால் தட்டினால், டோக்கன் விழுந்ததாக மிஷின் எடுத்துக்கொள்ளும். அதற்காக நான் அவள் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நீங்கதான் டோக்கனு" என்றாள்.

தட்டினேன். முதல் ஆட்டத்தில் தீவிலேயே போய்விட்டாள். கையைப் பிசைந்துகொண்டு, "வெரலு மரத்துக் கெடக்குதுங்க, தட்டுங்க" என்றாள். தட்டினேன். அடுத்ததில் பாலம். அதற்கடுத்ததில் அவள் பேச்சு நின்றுபோனது. நான் இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. அவள் முகம்தான் தெரியும். அந்த முகத்தில் நிறம் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. கல்லாவிலிருந்து எழுந்து வந்து என்னைத் தள்ளிவிட்ட பெண்ணின் அதே கடுகடுப்பு. பாலத்தைக் கடந்துவிட்டாள் என்பது சத்தத்தில் தெரிந்தது. பிறகு அந்தக் கனமான மேளச் சத்தம் தொடங்கியது. கப்பல்.

"வர்றான் பாருங்க" என்றாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன். குச்சியைப் பிடித்திருந்த விரல்களில் நகம் எல்லாம் நீலமாக இருந்தது. உதடும் நீலம். பல் தந்தியடித்தது. ரஜாய் தோளை விட்டு நழுவிக் கிடந்தது, அவளுக்கு அது தெரியவேயில்லை. நான் ரஜாயை இழுத்துவிட்டேன், அவள் முழங்கையால் தட்டிவிட்டாள். "மேல இருந்த பீரங்கி போயிருச்சுங்க. பாருங்க, எந்திரிச்சுப் பாருங்க!"

நான் எழுந்து பார்க்கவில்லை. அந்த நீல நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீட்டரின் சுவிட்சு என் கைக்கு எட்டுகிற இடத்தில் சுவரில் இருந்தது. போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றால் பொய். அந்த நொடியில் அது நினைவிருந்தது என்றாலும் பொய். கை போய்விட்டது.

பெரிதாக ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அதன் மேலேயே ஸ்டெபிலைசர் டக்கென்றது. அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் நின்றது.

கொஞ்ச நேரம் குச்சியைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள்.

"ஹீட்டரப் போட்டீங்களா?"

"உனக்குக் குளுருதேன்னுதான் புள்ள."

"குளுருதுன்னு நான் சொன்னனா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், பிழைத்திருப்பேன். ஹீட்டரை அணைத்துவிடுகிறேன், கொஞ்ச நேரத்தில் மிஷின் தானாக வந்துவிடும், முதலிலிருந்து ஆடு என்று வாய் குளறிச் சொன்னேன். அவள் குச்சியிலிருந்து கையை எடுத்து ரஜாய்க்குள் வைத்துக்கொண்டாள். "இனி முடியாதுங்க. தெம்பில்ல. படுக்க வெச்சிருங்க" என்றாள். படுக்கவைத்தேன். ஹீட்டரைக் கட்டில் பக்கத்தில் போட்டேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் விளக்குகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். சின்ன வீடு.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். தலைமாட்டில் உட்காரச் சொன்னாள்.

"ஏனுங்க, கப்பலத் தாண்டிட்டனுங்க."

நான் ரஜாயை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"வெடிச்ச சத்தம் கேட்டீங்கல்ல? அது கப்பலுங்க."

நான் அந்தச் சத்தத்தைத்தான் விடியும்வரை நினைத்துக்கொண்டு கிடந்தேன். கப்பல் வெடித்ததா, அவள் விமானம் வெடித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அதே சத்தம்தான் வரும்.

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

யோசித்தாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் சில்லென்று இருந்தது.

"மறுக்கா கடலுதானுங்க. ஆனா நல்ல வெயிலு. தண்ணியெல்லாம் பளபளன்னு கெடந்துச்சு."

வெடிச் சத்தத்துக்கும் ஸ்டெபிலைசர் சத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சுவிடக்கூட நேரமில்லை. அதற்குள் வெயிலை அவள் எப்போது பார்த்தாள்? நான் கேட்கவில்லை. ஆமாவா, நல்லவேளை புள்ள என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். மகள் பக்கத்தில் இருந்தாள், நான் இருந்தேன், ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அந்த அரை மணி நேரக் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நோய் அந்த அளவுக்கு முற்றிவிட்டது என்று டாக்டர் ஃபோனில் மகளிடம் சொன்னாராம். மகள் அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். குளிரவிட்டதற்காக நான் வருந்துகிறேன் என்று அவள் நினைக்கிறாள். ஹீட்டரைப் போட்டதற்காக வருந்துகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் வாங்கிக் கொண்டுவந்த ஹீட்டர்.

காரியம் எல்லாம் முடிந்து, மகளும் ஊருக்குப் போன பிறகு, மின்சார ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். கம்பம் நட்டு, புது டிரான்ஸ்பார்மர் வைத்து, கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் வந்து மீட்டரை வைத்துக் காட்டி, இனிமேல் ஒரு கஷ்டமும் இருக்காது என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

மெக்கானிக் வாரம் ஒருமுறை வந்து என்னோடு டீ குடித்துவிட்டுப் போவார். லைன் வந்த செய்தி கேட்டு ஒரு மத்தியானம் வந்தவர், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தார்ப்பாயை விலக்கி மிஷினைப் போட்டார். ஹீட்டரையும் போட்டார். படம் சுருங்கவில்லை. நிறமெல்லாம் அப்படியே நின்றது. காசுப் பெட்டிக்குள் கையை விட்டு அவரே தட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். நல்ல மனசோடுதான் செய்தார். மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறதைப் பார்க்க அவருக்கும் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆடினார். ஒதுங்குகிற இடத்தில் ஒதுங்கினார், விடுகிறதை விட்டார். தீவுகள் போயின. பாலம் போயிற்று. மேளச் சத்தம் தொடங்கியது.

இந்தத் தடவை நான் திரையைத்தான் பார்த்தேன். கப்பல் அசைந்து அசைந்து வந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் ஒவ்வொரு பீரங்கியாக அடித்தார். கப்பலின் ஒரு பக்கம் தீப்பிடித்தது. இன்னொரு பக்கமும் பிடித்தது.

"போகும் சாரே, போகும்! இன்னும் ரெண்டு குண்டு!" என்று கத்தினார்.

நான் எழுந்து போய் மிஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அவர் குச்சியைப் பிடித்தபடி திகைத்து நின்றார். "எந்தா சாரே? இப்பத் தாண்டியிருப்பேனே. அந்தப் பக்கம் என்னன்னு பார்க்க வேண்டாமோ?"

"வேண்டாமுங்க. அங்க என்ன இருக்குன்னு அவ எனக்குச் சொல்லீட்டுத்தான் போனா" என்றேன்.